வெயிலில் காய்ந்த கொசுவலை

நல்லவாடு மீனவக் குப்பத்தில் செல்லக்கண்ணு கை வைத்த வலையை இன்னொருவர் திரும்பப் பார்க்கத் தேவையில்லை. படகு கரையேறியதும் உப்புப் போக அலசி, கண்ணி கண்ணியாகத் தடவி, கிழிசலை அங்கேயே முடிந்து, சுடுமணலில் விரித்துக் காயவைப்பார். ஈரத்தோடு சுருட்டிய வலை கண்ணில் பட்டால், அது யாருடையதானாலும் திட்டாமல் நகரமாட்டார்.

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் வெண்ணிலா, கைக்குழந்தையோடு ஒடிசாவுக்குத் திரும்ப இருந்தாள். அவள் புருஷன் அங்கே காட்டோரத்துச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான். போன மழைக்காலத்தில் மலேரியா வந்து பாதி ஆளாகிவிட்டான். அந்த ஊரில் இலவசமாகக் கொடுத்த கொசுவலையைத்தான் வெண்ணிலா கொண்டுவந்திருந்தாள். அதில் இரண்டு இடத்தில் கிழிசல். கூடவே ஒரு மருந்து நெடி. பச்சைக் குழந்தைக்கு இது ஆகுமா?

மகள் மூன்று நாள் வில்லியனூர் போயிருந்தபோது செல்லக்கண்ணு வேலையை முடித்தார். சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, கல்லில் அடித்து, கிழிசலை முடிந்து, இரண்டு நாள் மணலில் காயப்போட்டார். நெடி போயே போச்சு.

குழந்தையைப் பார்க்க வந்த கிராம செவிலியர் சுகன்யா மணலில் கிடந்த வலையைப் பார்த்து, அவர் செய்ததைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள்.

“இன்னாண்ணா இப்டி பண்ணிட்டீங்க! அந்த நெடிதான் மருந்து. கொசு வந்து ஒக்காந்தா சாவும். இத நெழல்லதான் காயவைக்கணும்.”

“வலைய நெழல்ல காயவெச்சா மக்கிடாதாம்மா?”

“இது மீன் வலை இல்லண்ணா!”

“அப்ப கடைல நல்ல வலையா வாங்கிடறேன். ஜிப்பு வெச்சது, வெல ஜாஸ்தி.”

“அதுல மருந்து கெடையாது. இது வெல கம்மி, ஆனா கொசுவயே கொல்லுது. பக்கத்து வூட்டுக்குப் போற கொசுவும் கொறையும். காச்ச வந்தப்பறம் பண்ற செலவுக்கு இது எவ்ளவோ மேல். அதான் சும்மாவே குடுக்கறாங்க.”

செல்லக்கண்ணுக்குத் தலை சுற்றியது. நூல் தரத்துக்குத்தான் வலை விலை என்று இத்தனை காலம் நம்பியிருந்தார். விலை குறைந்தது அதிகம் காக்குமாம். வெயில் கெடுக்குமாம். பக்கத்து வீட்டுக்காரனும் பிழைப்பானாம்.

“மருந்து மொத்தமா போயிடுச்சா?”

“கொஞ்சம் இருந்தாலும் இருக்கும். எவ்ளோன்னு எனக்கே தெரியாதுண்ணா.”

அன்று பொழுது சாயும் நேரத்தில், வாசல் வேப்பமரத்தில் வலையைக் கட்டி அதற்குள் தாமே போய் உட்கார்ந்துகொண்டார் செல்லக்கண்ணு. கொசுக்கள் வலையில் வந்து உட்கார்ந்தன. உட்கார்ந்த ஒவ்வொன்றையும் மூக்கு வலையில் உரசப் பார்த்தார். சில பறந்துபோயின. ஒன்று மட்டும் பொத்தென்று விழுந்தது.

வெண்ணிலா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். “செத்துச்சாப்பா?”

“ஒண்ணு வுழுந்துச்சு. மருந்தாலயா, நான் ஊதினதாலயான்னு தெர்ல.”

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “போதும், வெளிய வா. அவருக்கு போன் பண்ணிட்டேன். அங்க நர்சம்மாகிட்ட வேற வலை கேக்கறாராம். அது வர்ற வரிக்கும் இதயே பாய்க்கடில சொருவி வெச்சிக்கறேன். ஓட்ட இல்லாம பண்ணிட்ட இல்ல?”

“ஓட்ட இல்ல” என்றார் செல்லக்கண்ணு. அது ஒன்றுதான் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.