சுண்டுவிரலுக்குக் கிடைத்த சனிக்கிழமை

கஞ்சி அக்கா என்றால்தான் அவளை மருத்துவமனையில் தெரியும். பதினொரு வருடமாகச் சலவைப் பிரிவில் டாக்டர்களின் கோட்டுகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுகிறவள். அந்தக் கோட்டுகள் தனியாகவே நிற்கும். உள்ளே டாக்டர் நுழைவது வெறும் சம்பிரதாயம்.

அங்கே விடுப்பைப் போனில் உள்ள செயலி வழியாகத்தான் கேட்க வேண்டும். ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அத்தனையையும் ஓர் அட்டையில் எழுதித் தன் மேசைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார் மேற்பார்வையாளர். "மறந்துடுவீங்கன்னுதான்" என்பார். பிறகு அக்காவின் பெயரிலேயே உள்ளே நுழைந்து, அவள் வாங்கிய விடுப்பை ரத்து செய்து, அந்த நாளை அதே பிரிவில் வேலை பார்க்கும் தன் மைத்துனனுக்குக் கொடுத்துவிடுவார். அலுவலகத்தில் முறையிட்டால், "நீங்களேதானேம்மா ரத்து பண்ணியிருக்கீங்க" என்று திரையைக் காட்டுவார்கள். சுவரில் தொங்குவதை ரகசியம் என்று சொல்லி, பறிகொடுத்தவளையே குற்றவாளியாக்குவது எந்த ஊர் நியாயம்?

இந்தச் சனிக்கிழமையை மட்டும் அவள் விடுவதாக இல்லை. அன்றைய போட்டியில் மகள் முதல்முறையாகப் பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர்.

திங்களன்று கணினிப் பிரிவுப் பெண் வந்தாள். இனிமேல் பாஸ்வேர்டே கிடையாதாம். பழையது எதுவும் செல்லாதாம். அவரவர் போனுக்குள் ஒரு சாவி இருக்கும். அவரவர் விரல் பட்டால்தான் அது வேலை செய்யும்.

"என் ரேகையை எங்க அனுப்புவ?"

"எங்கயும் போகாதுக்கா. உங்க போனுக்குள்ளயே கிடக்கும்."

கட்டைவிரலை வைத்தாள். போன் ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், ம்ஹூம். பதினொரு வருடச் சூடு ரேகையைத் தேய்த்தே விட்டிருந்தது.

"விரலுக்கும் சேர்த்து இஸ்திரி போட்டுட்டியா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

ஒன்பது விரல் தோற்றபின் இடதுகைச் சுண்டுவிரல் வந்தது. வேலை நேரத்தில் சீமாட்டிபோல விலகியே நிற்கும் விரல். போன் உடனே ஏற்றுக்கொண்டது. அங்கேயே சனிக்கிழமைக்கு விடுப்புக் கேட்டாள், மறுநாள் அலுவலகம் அனுமதி தந்தது.

புதன்கிழமை மைத்துனனுக்குச் சனிக்கிழமை தேவைப்பட்டது. மேற்பார்வையாளர் அட்டையும் பேனாவுமாக வந்தார்.

"புது பாஸ்வேர்டு என்ன? சொல்லு."

"இல்ல சார்."

"என்கிட்டயே மறைக்கிறியா?"

"நெஜமாவே எனக்கே தெரியாது சார். இருந்தாத்தானே தெரியும்?"

சொல்லக்கூடியதை மிரட்டி வாங்கலாம். இல்லாத சொல்லை எந்த அதிகாரத்தால் வாங்குவது? அவள் போனைப் பிடுங்கித் தன் கட்டைவிரலை வைத்தார். நேராக வைத்தார், சாய்த்து வைத்தார், ஊதிக்கூட வைத்துப் பார்த்தார்.

"சுண்டுவிரல்தான் சார் வேணும். தனியா கழட்டித் தர முடியாது, ஆளோடதான் வரும்."

பக்கத்து மேசைக்காரி மடித்த போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். போர்வை குலுங்கியது.

சனிக்கிழமை கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, பந்து வரும்போதெல்லாம் மகளுக்கு முன்பே அக்கா பாய்ந்தாள்.

"தள்ளி நில்லும்மா, மானம் போகுது."

ஓரடி தள்ளி நின்றாள். மூன்று கோல் விழுந்தது. நான்காவது பந்தை மகள் பிடித்தபோது, அக்கா இடதுகைச் சுண்டுவிரலை உயரத் தூக்கி ஆட்டினாள். மைதானத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.