பதிவு அட்டையில் மூன்று வரி

பெட்டியை முதலில் மோந்து பார்ப்பார் வெர்ன் காச்மாரெக். மூக்குக்கண்ணாடி, கைவிளக்கு எல்லாம் அதற்குப் பிறகுதான். அட்டைப்பெட்டியின் மூலையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. "நிலவறை. ரெண்டு வெள்ளம் பார்த்த நிலவறை," என்பார். இல்லாவிட்டால், "சிகரெட்டு. ஆனா பெட்டி இருந்த ரூம்ல இல்ல, பக்கத்து ரூம்ல பிடிச்சிருக்காங்க" என்பார். கொண்டுவந்தவன் வாயைப் பிளப்பான். இவர் அதைக் கவனிக்காதவர் போலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். கவனிக்காமல் எல்லாம் இல்லை.

டொலீடோ நகரின் கிழக்குப் பகுதியில், தீயணைப்பு நிலையத்தை ஒட்டிய கூடத்தில், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் சந்தை கூடும். வெர்ன் அங்கே எதையும் விற்பதில்லை. இருந்தாலும் வாடகை கட்டி, சமையலறைக் கதவோரமாக ஒரு மடக்கு மேஜை பிடித்துவிடுவார். அதன்மேல் ஒரு கைவிளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, வெள்ளைப் பருத்திக் கையுறை ஒரு ஜோடி, அவ்வளவுதான். பொருளைப் பார்த்து அசலா போலியா, அபூர்வமா அற்பமா, என்ன விலை போகும் என்று சொல்வது அவர் வேலை. அதற்குக் காசு வாங்க மாட்டார். ஒரு தட்டு பியரோகிக் கொழுக்கட்டை வாங்கிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார். வயது எழுபத்தெட்டு. வருடம் முழுவதும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர்.

முப்பத்தொரு வருடம் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கார்களின் முன்கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற பகுதி. விளக்கை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பார்க்கும் வித்தை அங்கே கற்றதுதான். "நேரா அடிச்சா எல்லாமே அழகாத்தான் தெரியும். படுக்க வச்சு அடி. மறைச்சதெல்லாம் நிழல் கட்டி எந்திரிக்கும்," என்பார். பெட்டியில் விலைச்சீட்டைப் பிய்த்த தடம், கிழிசலை ஒட்டிய கோந்து, அழித்த பென்சில் எழுத்து, எதுவும் அந்த விளக்குக்குத் தப்பியதில்லை. அட்டை எதையும் ஓரத்தில்தான் தொடுவார். நடுவில் விரல் வைப்பவனைப் பார்த்தால் பிடிக்காது. "ரேகை படும், ரேகை படும். ஓரத்தைப் பிடி," என்று குழந்தையை அதட்டுவது போல அதட்டுவார்.

போன மாதம் ஒரு கணவனும் மனைவியும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இணையத்தில் எதையோ படித்துவிட்டு, அதை விற்று வீட்டுக்கூரையை மாற்றலாம் என்ற நினைப்பு. வெர்ன் உறையின் ஒட்டுத் தையலை விளக்கில் ஓடவிட்டுப் பார்த்தார்.

"இது கம்பெனில சுத்தினது இல்லம்மா. கடைக்காரன் பிரிச்சுப் பாத்துட்டுத் திரும்பச் சுத்தினது. ஹேர் டிரையர் வச்சிருக்கான். இங்க பாருங்க, குமிழ் விட்டிருக்கு."

"அப்ப எவ்வளவு போகும்?" என்றாள் அந்தப் பெண்.

"உள்ள ஃபிளாப்பி இருந்தா நாப்பது டாலர்."

"இல்லேன்னா?"

"பிரிச்சுப் பாக்கற வரைக்கும் நாப்பதுதான். பிரிக்காம வித்துருங்க."

இருவரும் போன பிறகு பக்கத்து மேஜை லொரேன் பிட்ஸ், "கூரையப் பிடுங்கிட்டியேய்யா," என்றாள். பழைய ஒயர்களும் ஜாய்ஸ்டிக்குகளும் விற்பவள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். சந்தையில் வெர்னைக் கிண்டல் செய்ய உரிமை உள்ள ஒரே ஆள்.

"பொய் சொல்லியிருக்கணுமா?"

"மெதுவாச் சொல்லியிருக்கலாம்."

அபூர்வம் என்றால் என்ன என்பதற்கு அவரிடம் ஒரு விளக்கம் உண்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அதைக் கேட்டே தீர வேண்டும். "கிடைக்காததெல்லாம் அபூர்வம் இல்ல. எங்க பாட்டன் பல்செட்டுகூடத்தான் உலகத்துல ஒண்ணே ஒண்ணு. கிடைக்கவும் கூடாது, தேடறவனும் இருக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் விலை." அவர் வீட்டு நிலவறையில், ஈரப்பதம் அளக்கும் கருவிக்கு நேர் கீழே, தாளால் மடித்த கையேடும் ஒரு ஃபிளாப்பியும் உள்ள பிளாஸ்டிக் பை ஒன்று இருக்கிறது. யாரோ கல்லூரி மாணவன் தானே எழுதி, தானே பையில் போட்டு விற்ற ஆட்டம். இன்று கணக்கில் உள்ளவை மொத்தம் ஏழு. கலிபோர்னியாவிலிருந்து ஒருவர் வருடா வருடம் தொலைபேசியில் விலை கேட்கிறார். வெர்ன் பேச்சை மாற்றிவிடுவார்.

இவ்வளவு தெரிந்த மனிதர் சந்தைக்குச் சந்தை தேடி வாங்குவது எதை என்றால், 'கலங்கரைத் தீவு'. சிரிக்காமல் கேட்க வேண்டும். எண்பத்தைந்தாம் வருடக் கிறிஸ்துமஸுக்கு லட்சக்கணக்கில் விற்ற ஆட்டம். கம்ப்யூட்டர் இருந்த வீட்டிலெல்லாம் அது இருந்தது. நியாயமாகப் பன்னிரண்டு டாலருக்கு மேல் ஒரு காசு பெறாது. வெர்ன் வீட்டில் முந்நூற்று நாற்பத்தொரு பெட்டி இருக்கிறது. ஒவ்வொன்றையும் வாங்கியவுடன் மோந்து, திறந்து, உள்ளே இருக்கும் பதிவு அட்டையை எடுத்து, விளக்கைப் படுக்க வைப்பார். பிறகு மூடிவிடுவார்.

"உலகத்துல உள்ளத எல்லாம் நீயே வாங்கிட்டா அப்புறம் அதுவும் அபூர்வமாயிரும்," என்பாள் லொரேன். ஆனாலும் கண்ணில் பட்டதை அவருக்கென்று எடுத்து வைப்பவளும் அவளே. சந்தையில் காரணம் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

அந்தக் காலத்தில் பெட்டிக்குள் ஒரு பதிவு அட்டை வைப்பார்கள். வாங்கியவர் பெயர், ஊர், வயது எழுதித் தபாலில் போட வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி இருக்கும்: அடுத்து எப்படிப்பட்ட ஆட்டம் வேண்டும்? பதில் எழுத மூன்று கோடு. வெர்னின் ஒரே பையன் டீனுக்கு அப்போது பத்து வயது. அடுக்களை மேஜையில் உட்கார்ந்து, பென்சில் முனை இரண்டு தடவை உடைய, அரைமணி நேரம் அழுத்தி அழுத்தி எழுதினான். அம்மா டோரீன் எட்டிப் பார்த்தபோது கையால் மறைத்துக்கொண்டான். அப்பாவிடம் கொடுத்து, தபாலில் போடச் சொன்னான். அப்பா நாளைக்குப் போடுகிறேன் என்று பெட்டிக்குள்ளேயே வைத்தார். நாளை வரவில்லை.

பையன் வளர்ந்து அரிசோனா போனான். வெர்னுக்குச் சேகரிக்கும் பித்துப் பிடித்தது. தொண்ணூற்றெட்டில், பரணில் கிடந்த அந்தப் பெட்டியை மாற்றுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்தார். எழுதிய அட்டை இருந்தால் தரம் குறையும். எழுதாத அட்டைக்குத்தான் மதிப்பு. மென்மையான ரப்பர் ஒன்று வாங்கி, ஒரு பொட்டுக் கரி இல்லாமல், பெயர், வயது, அந்த மூன்று வரி எல்லாவற்றையும் அழித்தார். படிக்கவில்லை. அழிக்கிறவன் எழுத்தைப் பார்க்க மாட்டான், காகிதம் கிழியாமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். விலைச்சீட்டையும் மண்ணெண்ணெய் தொட்டு எடுத்தார். பென்சில் பதிந்த பள்ளம் மட்டும் இருந்தது. பன்னிரண்டு டாலர் சாமானுக்கு இது போதும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த சந்தையில் பக்கத்து ஊர் ஃபிண்ட்லேயிலிருந்து பழுப்பு வேனில் வந்த ஒரு ஆளிடம் அந்த ஏழில் ஒன்றான பை இருந்தது. அதன் அருமை அவனுக்குத் தெரியவில்லை. நாலைந்து பெட்டிகளைக் கொடுத்து, கொசுறு போல 'கலங்கரைத் தீவை'யும் மேலே வைத்து, வெர்ன் பையை வாங்கிக்கொண்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. பெயர் கேட்டால் பேச்சு நீளும், பேச்சு நீண்டால் ஆள் மனம் மாறிவிடுவான். தொழில் தெரிந்தவர்.

இரண்டாயிரத்து ஒன்பதில் டீன் நெடுஞ்சாலை விபத்தில் போய்விட்டான். முப்பத்துநாலு வயது. அடக்கம் முடிந்து வீடு திரும்பிய அன்று, கோட்டைக்கூடக் கழற்றாமல், டோரீன் கேட்டாள்: "அந்த அட்டைல என்னமோ எழுதினானே, எங்கிட்ட காட்டாம. என்ன எழுதினான்?" தெரியாது என்றார் வெர்ன். அது எங்கே என்றாள். அதையும் சொன்னார். அவள் அதன்பின் கேட்டதே இல்லை. இரண்டாவது சனிக்கிழமை அவர் வீடு திரும்பும்போது கையில் உள்ள பெட்டியைப் பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள், சூப்பைச் சூடு பண்ணப் போய்விடுவாள். திட்டியிருந்தால் மனிதர் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்.

ஃபிண்ட்லேயில் இரண்டு வருடம் சுற்றினார். ஊர்ச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். பெட்டிக்கு அடையாளம் என்ன என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. இருந்த அடையாளங்களை எல்லாம் அவரே துடைத்து அனுப்பியிருந்தார். மிச்சம் இருந்தது அந்தப் பள்ளம் மட்டும். அன்றைக்குச் சோம்பல்பட்டு விட்டதுதான் பதினாலு வருடமாக அவர் நம்பிக்கை.

மற்றப் பிள்ளைகள் எழுதியதை எல்லாம் படித்து வைத்திருக்கிறார். குதிரை வைத்து ஆட்டம் வேண்டும், பாம், வயது எட்டு. என் அண்ணன் ஏமாற்றுகிறான், ஏமாற்ற முடியாத ஆட்டம் வேண்டும். அப்பாவும் ஆடுகிற மாதிரி வேண்டும். மனப்பாடமாகச் சொல்வார். அந்தக் கடைசி அட்டை டீன் எழுதியதாக இருக்கக்கூடாதா என்று கேட்டவள் லொரேன் மட்டும். "அவன் கை இல்ல. அவன் அமுக்குவான்," என்றார்.

இதில் இன்னொரு கூத்து சேர்ந்துகொண்டது. காச்மாரெக் ஒன்றை வாங்குகிறார் என்றால் காரணம் இல்லாமலா என்று ஊர் யோசித்தது. 'கலங்கரைத் தீவு' முப்பது டாலரானது, ஐம்பதானது. சிலர் பத்துப் பத்தாகப் பதுக்கினார்கள். சிலர் தரச்சான்றிதழ் வாங்கி, திறக்கவே முடியாத கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்தார்கள். வெர்ன் சொல்லிப் பார்த்தார். "இது ஒண்ணுமில்லாதது. குப்பை. வாங்காதீங்க." அவர் அப்படிச் சொல்லச் சொல்ல விலை ஏறியது.

இந்தச் சனிக்கிழமை காலை டஸ்டின் வந்தான். முப்பத்தைந்து வயது, ஆரம்பத்தில் வெர்னிடம் அதட்டு வாங்கியே தொழில் பழகியவன். நாலு பெட்டிகளை மேஜையில் அடுக்கினான்.

"பெரியவரே, உங்களுக்குன்னே பிடிச்சு வச்சிருக்கேன். வேற எவனுக்கும் காட்டல."

வெர்ன் வரிசையாக மோந்தார். மூன்றாவதை இரண்டு தடவை மோந்தார்.

"எங்க கிடைச்சுது?"

"ஃபிண்ட்லே. ஒரு பெருசு போயிட்டாரு. பொண்ணு வந்து வீட்டையே காலி பண்ணிச்சு. பழுப்பு வேன் ஒண்ணுகூட நிக்குது, டயர் வரைக்கும் புல்லு. அதையும் எடுத்துக்கோன்னுச்சு."

லொரேன் சுற்றிக்கொண்டிருந்த ஒயரை அப்படியே மடியில் வைத்தாள்.

"கார்டு இருக்கா?" என்றார் வெர்ன்.

"இருக்காவா? பாருங்க. மூணு பெட்டில பசங்க கிறுக்கல். சுத்தமா எடுத்துட்டேன். இதோ, நீங்க ரெண்டு தடவை மோந்த இதுதான் படுத்தி எடுத்துருச்சு. எழுத்தே இல்ல, வெறும் பள்ளம். முன்னாடியே எவனோ அழிச்சிருக்கான். நல்லா வேலை தெரிஞ்ச ஆளு பெரியவரே, கரி ஒரு பொட்டு இல்ல. ஆனா அந்தப் பையன் அமுக்கு அமுக்குன்னு அமுக்கியிருக்கான். லேசா ஈரம் காட்டி, சூட்டோட ரெண்டு நாள் அழுத்தி வச்சேன். இப்ப தடவிப் பாருங்க, கண்ணாடி."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"எதுல?"

"அந்தப் பள்ளத்துல."

டஸ்டின் சிரித்தான். "அத யாரு படிச்சா?"

அவனைத் திட்ட வெர்னுக்கு வாய் இல்லை. இருபத்தைந்து வருடம் முன்னால் நாமும் இதையேதான் சொல்லியிருப்போம் என்று அவருக்குத் தெரியும். கையுறையை மாட்டிக்கொண்டு அட்டையை ஓரத்தில் பிடித்து எடுத்தார். கைவிளக்கை மேஜையில் படுக்க வைத்தார். வெளிச்சம் அட்டையின் இந்த ஓரத்தில் ஏறி அந்த ஓரத்தில் இறங்கியது. வழியில் ஒரு நிழலும் விழவில்லை. விளக்கைத் தாழ்த்தினார். இடப்பக்கம் மாற்றினார். அட்டையைத் தலைகீழாகத் திருப்பினார்.

"வெர்ன்," என்றாள் லொரேன் மெதுவாக. "போதும்யா."

"எப்படி வேலை?" என்றான் டஸ்டின்.

"சுத்தமா இருக்கு," என்றார் வெர்ன். "முதல் தரம்."

பிறகு விளக்கை அணைத்தார். வலது கைக் கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தார். வெறும் கட்டைவிரலை முதல் கோட்டின் தொடக்கத்தில் வைத்து, அழுத்தி, வலது ஓரம் வரை நகர்த்தினார்.

"பெரியவரே," டஸ்டின் பதறினான், "ரேகை படுது."

வெர்ன் விரலை எடுத்து, இரண்டாவது கோட்டின் தொடக்கத்தில் வைத்தார்.