ஹேண்ட் என்றால் கை

இந்த லிவர்ப்பூல் துறைமுகத்தில் காலையில் ஆள் எண்ணுவதில்லை, கை எண்ணுகிறார்கள். சரக்குக் கொட்டகை வாசலில் மேஸ்திரி வந்து நின்று, "இன்றைக்கு எட்டு ஹேண்ட்ஸ்" என்று கத்துவார். எட்டுக் கை என்றால் நான்கு பேர்தானே என்று நம்மூரில் எவனும் நினைப்பான். உள்ளே போவதென்னவோ எட்டுப் பேர். அந்த எட்டில் நான் எப்போதும் எட்டாவது. என்னைவிட மெலிந்தவனும், முந்தின நாள் குடித்தது இன்னும் தெளியாதவனும் போன பிறகுதான் மேஸ்திரியின் விரல் வேண்டாவெறுப்பாக என் பக்கம் திரும்பும். இந்தக் கொட்டகைக்கு வந்து ஆறு மாதமாகிறது, என் பெயரை அவர் கேட்டதில்லை. சாப்பாட்டு மேசையில் நான் போய் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். வந்த புதிதில் ஒருவருக்குக் காலை வணக்கம் சொல்லிக் கையை நீட்டினேன். அவர் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் இந்த ஹேண்ட் என்ற சொல்லுக்கு மட்டும் பக்கம் நிறையப் பொருள் போட்டிருக்கிறான். கடிகார முள் ஹேண்ட். சீட்டாட்டத்தில் நமக்கு விழுந்த சீட்டுகள் ஹேண்ட். கையெழுத்தும் அதுதான், கைதட்டலும் அதுதான், ஒத்தாசையும் அதுதான். குதிரையின் உயரத்தைக்கூட ஹேண்ட் கணக்கில்தான் அளக்கிறார்கள். இதில் பாதி நமக்கும் புரியும். கைகொடுத்தான் என்கிறோம், கைவிட்டான் என்கிறோம். கடைசியில் ஒரு பொருள் இருக்கிறது: கூலியாள், கப்பலாள். அதற்கு ஈடாக மேன், ஒர்க்கர், லேபரர் என்று வேறு சொற்களையும் அவனே தருகிறான். இத்தனை இருந்தும், வேலை வாங்கும்போது மனிதனை விட்டுவிட்டுக் கையை மட்டும் எடுத்துக்கொள்கிற சொல்தான் இவர்கள் வாயில் வருகிறது. நாமும் யோக்கியர்கள் அல்ல, தலைக்கு இத்தனை என்று தலையை எண்ணுகிறவர்கள்தாம். ஆனால் தலை போயிற்று என்றால் ஆள் போய்விட்டான் என்று எந்தத் தமிழனுக்கும் விளங்கும். கை போயிற்று என்றால்? அந்த வித்தியாசத்தை நான் தூத்துக்குடியில் கற்றுக்கொண்டேன். அதற்கு வேறொருத்தி அழுதாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊர் மாப்பிள்ளையூரணியிலிருந்து தினமும் நடந்துபோகும் தூரத்தில், தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் வெள்ளைக்காரர் ஒருவர் நடத்திய சரக்கு ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். சேர்ந்து மூன்று வாரம். எங்கள் தெருவில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான், அந்தத் திமிரும் இருந்தது. ஆபீசின் சரக்கை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன தோணி ஒன்று ஒரு வாரமாகத் தகவல் இல்லாமல் இருந்தது. அதில் போன சூசை என்பவரின் மனைவி ரோசம்மாள் தினமும் வந்து வாசலில் நிற்பாள். சூசை சங்கு குளிக்கிறவர். முத்துக்குளிப்பு நின்று வெகுகாலமாகியிருந்தது, சங்கு சீசனும் இல்லாத மாதங்களில் தோணிக்குப் போவார். அந்தப் பயணத்தில் தம்பி அந்தோணியையும் கூட்டிப்போயிருந்தார்.

ஒருநாள் மத்தியானம் தந்தி வந்தது. துரையும் தலைமைக் குமாஸ்தாவும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் பிரித்துப் படித்தேன். தோணி பாறையில் மோதியது, சரக்கு பத்திரம், "டூ ஹேண்ட்ஸ் லாஸ்ட்", சூசை குடும்பத்துக்குச் சொல்லவும். அவ்வளவுதான். நான் படித்த பாடப்புத்தகத்தில் ஹேண்ட் என்றால் கை. பக்கத்தில் படம்கூடப் போட்டிருப்பான்.

"யம்மா, மனசைத் தேத்திக்கிடுங்க. ஒங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கையும் போயிட்டாம்" என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "உசிரு?"

"உசிருக்கு ஒண்ணும் இல்ல. கைதான்."

"எங் கொழுந்தன்?"

"அவரைப் பத்தி ஒண்ணும் போடல. நல்லா இருக்காருன்னுதான் அர்த்தம்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கை போனாப் போவுது தம்பி. நான் பிசைஞ்சு ஊட்டுதேன். ஆளு வந்தாப் போதும்."

நான்தான் அவளுக்குப் பெரிய உபகாரம் செய்தவன் போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். தந்தியை மடித்துத் துரையின் மேசையில் வைத்து, குடும்பத்துக்குச் சொல்லியாயிற்று என்று மேலே எழுதினேன். அதனால் வேறு யாரும் அவளிடம் போய்ப் பேசவில்லை. மூன்று நாள் அவள் செய்ததையெல்லாம் பிறகு தெருவார் சொல்லிக் கேட்டேன். அவர் தோளால் தள்ளித் திறக்கட்டும் என்று கதவுக் கொண்டியைக் கழற்றினாளாம். அவருடைய சட்டைகளில் பித்தானை வெட்டிவிட்டு நாடா தைத்தாளாம். காலையும் மாலையும் மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாளாம்.

நாலாம் நாள் மற்றவர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். தோணியை ஓட்டிய தண்டல் அவள் வீட்டுக்குப் போய்க் கழற்றிய கொண்டியைப் பார்த்துவிட்டு அழுதாராம். அண்ணனும் தம்பியும் கடலோடு போய்விட்டார்கள்.

அவள் நேரே ஆபீசுக்கு வந்தாள். கத்தவில்லை.

"அந்தத் தாளைக் காட்டும்."

கொண்டுவந்து காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "எந்த வார்த்தை?" என்றாள். விரல் வைத்துக் காட்டினேன். "இதுல எங்க வீட்டு ஆளு ரெண்டு பேரும் எங்கன இருக்காவ?" என்று கேட்டாள். 

"எம் புருசன் செத்ததுக்கு மூணு நாளு மாதாவுக்கு நன்றி சொல்ல வச்சிட்டீரேய்யா. நீரு படிச்ச படிப்பு நாசமாப் போவ."

அவள் போன பிறகு துரை என்னை அழைத்தார். ஹேண்ட் என்றால் ஆள் என்று குழந்தைக்கும் தெரியுமே என்றார். "அப்படியானால் மென் என்று எழுதியிருக்கலாமே, சார்" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை. எழுத்து மிச்சப்படுத்தும் விஷயம் என்று எடுத்துக்கொண்டார் போலும். "மென் என்றால் மூன்றெழுத்துத்தான். ஆனால் தந்தியில் எழுத்துக்குக் காசில்லை, சொல்லுக்குத்தான்" என்று விளக்கிவிட்டுப் பைப்பைப் பற்றவைத்தார். அன்றைக்கு அந்த மனிதர் மேல் வந்த வெறுப்பு இன்னும் அடங்கவில்லை. என் மேல் வந்த வெறுப்பும் அப்படித்தான்.

ரோசம்மாளின் தெருப்பக்கம் என்னால் போக முடியவில்லை. சுற்றிப் போனேன். பிறகு கடற்கரைக்கே போக முடியவில்லை. யுத்தக் கப்பல்களுக்கு ஆள் எடுத்தபோது ஸ்டோர்க் கணக்கு எழுதும் வேலைக்கு ஏறினேன், யுத்தம் முடிந்ததும் இங்கே தங்கிவிட்டேன். கடல் கடந்து போய்விட்டான், பெரிய படிப்பு என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்களாம். என்னைப் போல இங்கே ஒதுங்கியிருப்பவர்களில் எத்தனை பேர் எதற்குப் பயந்து வந்தார்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

போன வாரம் ஒரு கப்பலில் பெட்டி ஏற்றினோம். பெட்டிகளில் தூத்துக்குடி என்று இங்கிலீஷில் மை அச்சு. கடைசிப் பெட்டியைத் தளத்தில் இறக்கி நிமிர்ந்தபோது, கயிறு சுருட்டிக்கொண்டிருந்த கப்பலாள் ஒருவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"அண்ணாச்சிக்கு எந்தூரு?"

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு காதில் விழுந்த நம்மூர்ப் பேச்சு. "அங்கனதான்" என்று பெட்டியிலிருந்த அச்சைக் காட்டினேன்.

"பெறவு என்ன, வாரீயளா? இருவத்தஞ்சு நாளு, ஊரு வந்திரும்."

மேல்தளத்திலிருந்து விசில் ஊதியது. "ஷோர் ஹேண்ட்ஸ், இறங்கு!" என்று கப்பல் அதிகாரி கத்தினார். கரைக் கூலிகள் கப்பலை விட்டு இறங்க வேண்டும். என்னோடு ஏறிய ஏழு பேரும் என்னைப் பார்க்காமல் இறங்கத் தொடங்கினார்கள். அந்தச் சொல்லுக்கு இந்த முறை அகராதி தேவைப்படவில்லை. கயிற்றைப் பிடித்தபடி அவன் இன்னும் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான். நான் அவர்கள் பின்னால், எட்டாவதாக, பலகையில் இறங்கினேன்.