சசிரேகாவின் நாற்பது வீரர்கள்

அரவேணுவுக்குக் கீழே உள்ள தேயிலை எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்த சசிரேகா, போன ஆனி மழையில் இலை மூட்டையோடு சரிவில் வழுக்கி விழுந்தாள். டிஸ்க் விலகியிருக்கிறது, மூன்று மாதம் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பது, நாள் முழுக்கப் பறிப்பதைவிட அலுப்பாக இருந்தது.

கோவையில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகும் மகள் கனிஷ்கா, பார்க்க வந்த அன்று அம்மாவின் ஃபோனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். வெறுங்காட்டில் ஊர் கட்டுகிற விளையாட்டு. மரம் வெட்டி வீடு, கிணறு, வயல் என்று ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். அதில் பக்கத்திலேயே கனிஷ்காவுக்கும் ஓர் ஊர் இருந்தது. அதற்கு முன்பெல்லாம் இருவரும் ஃபோனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. இப்போது ஷிஃப்ட் முடிந்ததும் கனிஷ்காவே கூப்பிட்டு, "உங்க ஊருக்குக் கெணறு பத்தாதும்மா" என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஒருநாள் கனிஷ்கா சோர்ந்த குரலில் சொன்னாள்: "எவனோ மூணாவது தடவையா வந்து என் ஊரக் கொள்ளையடிச்சுட்டான். நீங்க ஆள் அனுப்புங்கம்மா."

"எங்கூர்ல ஏது கண்ணு ஆளு? எல்லாரும் வயல்ல நிக்கறாங்க."

"படைமுகாம் கட்டோணும். அதுல பூட்டுப் படம் தெரியும் பாருங்க. இரும்புப் பட்டறை கட்டி, ஊர் மன்றத்த ஆறாவது நெலைக்கு ஏத்துனாத்தான் தொறக்கும்."

சசிரேகாவுக்குச் சண்டையில் விருப்பமில்லை. ஆனாலும் கல்லும் மரமும் சேர்த்தாள். பட்டறைக்கு ஒரு நாள், மன்றத்துக்கு முழுதாக இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. கனிஷ்காவின் ஃபோன் வராததைக்கூட அந்த மும்முரத்தில் அவள் கவனிக்கவில்லை. ஃபேக்டரியிலிருந்து வந்த கணவன் நல்லசாமி, "முதுகு நோகுதுன்னு படுத்துட்டு, அதுலயும் வேலையா பாக்கற?" என்றான்.

"சும்மா கெடக்கறதுக்கு இது தேவலைங்க" என்றாள்.

பூட்டுத் திறந்தது. முகாம் எழுந்தது. அப்புறம்தான் தெரிந்தது, ஒரு வீரனைச் சேர்த்தால் வயலில் ஓர் ஆள் குறைகிறான் என்று. நாற்பது பேரைச் சேர்த்து முடித்தபோது பாதி வயல் தரிசாகக் கிடந்தது, களஞ்சியம் காலியாகிக்கொண்டிருந்தது. போகட்டும், பிள்ளைக்குத்தானே என்று படையை அனுப்பப் போனாள். கனிஷ்காவின் ஊர் இருந்த இடத்தில் புல்வெளிதான் இருந்தது.

மகளைக் கூப்பிட்டு, ஊரைக் காணோமே என்றாள்.

"அதையாம்மா? நாலு நாளாச்சு, அழிச்சுட்டேன். வேலைய விட்டு ரெண்டு பேரு நின்னுட்டாங்க, அவங்க ஷிஃப்ட்டையும் நான்தான் பாக்கறேன். ரூமுக்கு வந்தா கண்ணு சொக்குது. சொல்ல மறந்துட்டேன். நீங்க இன்னும் வெளையாடறீங்களா?"

"இல்ல கண்ணு. சும்மா தொறந்து பாத்தேன்."

ஃபோனை வைத்த பிறகும் அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை. விளையாட்டில் பட்ட ஏமாற்றம் பெரிதாகத் தெரியவில்லை. நாலு நாளாக மகள் இப்படி இருந்திருக்கிறாள், தனக்குத் தெரியவில்லையே என்பதுதான் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை, நல்லசாமி எவ்வளவு சொல்லியும் கேட்காமல், இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். உட்கார்ந்தால் வலித்தது, மேட்டுப்பாளையம் வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே மலை இறங்கினாள்.

கோவையில் ஹாஸ்டல் வாசலில் கனிஷ்கா அவளைக் கண்டு திகைத்தாள். "இந்த முதுகோட எதுக்கும்மா வந்தீங்க?"

"பாக்கோணும்னு தோணுச்சு."

வருகிறவர்களுக்குப் போட்டிருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். கொண்டுவந்த இட்லியில் இரண்டைத் தின்றுவிட்டு, கனிஷ்கா அம்மாவின் தோளில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். சசிரேகாவின் முதுகு சுள்ளென்று இழுத்தது. அவள் அசையவில்லை.