துடைக்கிற கை

என் மனைவிக்கு ஈரம் ஆகாது. பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குடுவைகளைக் கழுவித் துடைத்து அடுக்குகிற உத்தியோகம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் தண்ணீர் குடித்துவிட்டுத் தம்ளரை வைப்பதற்குள் அடியில் துணி வந்துவிடும். "தூங்கும்போதாவது அந்தத் துணியைத் தோள்லேருந்து எடுப்பியா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

துடைத்துக்கொண்டே பாடத்தையும் காதில் வாங்கியவள் அவள். சனிக்கிழமைகளில் அந்த ஆய்வகத்திலேயே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, வீட்டுச் சாமான்களைக் கொண்டே வேதியியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். நான் குழாய் வேலை செய்பவன். என் பெட்டியில் என்ன காணாமல் போகிறது என்று பார்த்தாலே அந்த வாரப் பாடம் தெரிந்துவிடும்.

புதிதாக வந்த தலைமையாசிரியைக்கு இது பிடிக்கவில்லை. "துடைக்கிற வேலைக்கு வந்தவங்க பாடம் நடத்தலாமா?" என்றாராம். ஒருநாள் நேரில் வந்து பார்ப்பதாகவும், சரிப்படாவிட்டால் அன்றோடு வகுப்பை நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். இவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் பார்க்க வந்த சனிக்கிழமை, ஆய்வகக் குழாய் சொட்டுகிறது என்று என்னையே கூப்பிட்டிருந்தார்கள். ஸ்பானரோடு மூலையில் குந்தியிருந்தேன். பாடம், பேட்டரி செய்வது. செம்பு வில்லை, அதன்மேல் உப்புத்தண்ணீரில் நனைத்த அட்டை, அதன்மேல் துத்தநாகம் பூசிய என் வாஷர். இப்படி ஆறு அடுக்கு. மேலும் கீழும் ஒயர் வைத்தால் குட்டி எல்.இ.டி. பல்பு எரிய வேண்டும்.

எரியவில்லை. பிள்ளைகள் ஆசை மிகுதியில் அட்டைகளைச் சொட்டச் சொட்ட நனைத்து அடுக்கியிருந்தார்கள். ஒயரை இன்னும் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். ஊஹூம். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுக்கின் ஓரமாகத் தண்ணீர் வழிந்து மேசையில் தேங்கியிருந்தது. அந்த நேரத்திலும் அவளுக்குப் பொறுக்கவில்லை பாருங்கள்! துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள். அப்படியே அடுக்கின் ஓரத்தையும் சுற்றித் துடைத்தாள்.

பல்பு எரிந்தது.

"அக்கா, என்ன பண்ணீங்க?" ஒயரைப் பிடித்திருந்த சிறுமி கத்தினாள்.

"தொடைச்சேன், அவ்வளவுதான். ஏன் எரிஞ்சுதுன்னு எனக்கே தெரியல. மறுபடி ஓரத்துல தண்ணி விட்டுப் பாப்போமா?"

விட்டார்கள், அணைந்தது. துடைத்தார்கள், எரிந்தது. மூன்றாம் முறை அந்தச் சிறுமி காரணத்தைப் பிடித்துவிட்டாள். "தண்ணி வழிஞ்சா மின்சாரம் பல்புக்கு வராம ஓரமாவே குறுக்கால போயிடுதுக்கா!"

"அதேதான் கண்ணு. எனக்கும் இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

தலைமையாசிரியை எழுந்து வந்தார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் சண்டை வந்து நின்றது. அவர் என் மனைவியிடம் கையை நீட்டினார்.

"அந்தத் துணியைக் குடுங்க. நானும் ஒரு தடவை தொடைச்சுப் பாக்கறேன்."

அவள் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள்: "ஓரத்தை மட்டும் தொடைங்க மேடம். உள்ள இருக்கற ஈரம் வேணும்."

அடுத்த சனிக்கிழமையும் என் பெட்டியில் சாமான் குறைந்திருந்தது.