வறையாகிப்போன ஊதாப்பூ

தொண்டைமானாற்றில் என் கணவரின் தங்கை வீட்டில் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பூப் போட்டு வதக்கிய கீரை வறை இருந்தது. கடற்கரைச் சுண்ணக்கல் மேட்டில் மாரிக்கு மட்டும் பூக்கும் ஓர் ஊதாப்பூவைத் தேடி, காலையிலிருந்து வெயிலில் அலைந்துவிட்டு வந்திருந்தேன். நான் தாவரவியல் படிப்பிக்கிறவள். அந்தப் பூவை உலர்த்திய மாதிரியாகத்தான் கண்டிருக்கிறேன். உயிரோடு ஒருநாளும் கண்டதில்லை. நல்ல பசி. வறையை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

கை கழுவக் குசினிக்குப் போனபோது, சுளகில் கீரைத் தண்டுகளுக்கு நடுவே அது கிடந்தது. ஐந்து இதழ், ஊதா நிறம், வேரோடு.

"மச்சாள், இதை எங்கை பிடுங்கினனீங்கள்?" என்று கணவரின் தங்கையைக் கேட்டேன்.

"கல்லுக்கரையிலை. சாரணைக்கீரையோடை நிண்டது. இலையும் அது மாதிரித்தான். சேத்து அரிஞ்சிட்டன். ஏன்?"

"நான் தேடித் திரியிறது இதைத்தான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அப்ப நாங்கள் அதைத் திண்டிட்டமோ? நஞ்சோ மச்சாள்?"

"தெரியேல்லை" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. இன்னும் சாப்பிட்டு முடிக்காத அவளுடைய கணவர், வாய்க்குக் கொண்டுபோன பிடியைச் சோற்றுக் கோப்பையிலேயே வைத்தார். எனக்கு வந்தது பயமா, பூ போய்விட்டதே என்ற அதிர்ச்சியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எனக்குப் படிப்பித்த பேராசிரியருக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். முதலில், "வேர் இருக்கோ?" என்று கேட்டார். எங்களைப் பற்றிக் கேட்டது அதற்குப் பிறகுதான். அந்தக் குடும்பச் செடிகளில் நஞ்சு இருப்பதாகத் தான் அறியவில்லை, எதற்கும் கவனமாயிருங்கோ என்றார்.

"நீங்கள் வீட்டிலை இருங்கோ அண்ணை, வயித்துக்கு ஏதும் செய்தால் உடனை சொல்லுங்கோ" என்று மச்சாளின் கணவரிடம் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் கரைக்கு ஓடினோம். கல்வெடிப்பில் அவள் பிடுங்கிய இடம் ஈரமாக இருந்தது. பக்கத்தில் வேறொன்றும் இல்லை. பொழுது சாயும்வரை தவழ்ந்து தவழ்ந்து தேடினோம். கடைசியில், சுளகிலிருந்து கையோடு எடுத்துப்போன மிச்சச் செடியை அதே வெடிப்பில் நட்டோம். அவள் வாளியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். "தெரியாமல் செய்துபோட்டன்" என்று அழுதாள். அவளை என்ன சொல்வது? ருசித்துச் சாப்பிட்டவள் நான்.

எங்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செடிதான் கருகிப்போனது.

அடுத்த மழை பெய்து ஓய்ந்தபின் மச்சாள் வீடியோவில் அழைத்தாள். திரையில் அந்தக் கல்வெடிப்பும் அவளுடைய பெருவிரலும் தெரிந்தன.

"ரெண்டு இலை வந்திருக்கு. பாருங்கோ, இது சாரணையோ, உங்கடை பூவோ?"

காற்றில் படம் ஆடியது. உற்று உற்றுப் பார்த்தும் என்னால் சொல்ல முடியவில்லை.

"எதெண்டாலும் பிடுங்காதேங்கோ மச்சாள்" என்றேன்.