புள்ளியக்கா எழுதிய நாற்பது வரி

எங்கள் வாசிப்புக் குழுவில் ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். செய்தித்தாள்களிலும் இணைய இதழ்களிலும் வரும் நீண்ட செய்திக் கட்டுரைகளைத் தேடிப் பிடித்துப் பகிர்ந்துகொள்வதுதான் எங்கள் வேலை. ஒரு நிருபர் மாதக்கணக்கில் அலைந்து எழுதியதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்க ஆளில்லையா என்ற ஆத்திரத்தில் ஆரம்பித்த குழு. விதி இரண்டே இரண்டு. முழுக்கப் படிக்காமல் எதையும் பகிரக் கூடாது. ஏன் படிக்க வேண்டும் என்பதை ஐந்து வரிக்குள் சொல்ல வேண்டும். அந்த விதிகளுக்குக் காவல் இருப்பவர்களில் நானும் ஒருவன். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் என்பதால் எனக்குக் கை கொஞ்சம் துறுதுறுவென்று இருக்கும்.

குழுவில் ஒருவருக்குப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிதான் இருந்தது. ஒன்றரை வருடமாக அவர் எதையும் பகிர்ந்ததில்லை. ஆனால் யார் எந்தக் கட்டுரையைப் போட்டாலும் மறுநாள் மதியத்துக்குள் அதன் கீழே, "ரெண்டு ஈடு", "மூணு ஈடு" என்று ஒரு குறிப்பு விழும். இட்லி ஈடாகத்தான் இருக்கும், ஆள் யாரோ சமையல்காரர், அடுப்படியில் நின்று படிக்கிறார் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். யாரோ ஒரு நாள் விளையாட்டாக "புள்ளியக்கா" என்று கூப்பிட, மறுப்பு வராததால் அதுவே நிலைத்துவிட்டது.

அவர் சமையல்காரர் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். தரைக்கு அடியில் ஒரு நீளமான கூடம். ஆளுயரத்துக்கு ஆறு மெஷின்கள். ஒரு ஈடு துணியைப் போட்டுக் கதவைச் சாத்தினால் நாற்பத்திரண்டு நிமிடம் ஓடும். அந்த நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து செல்போனில் படிப்பார். அதுதான் ஈடு கணக்கு.

எங்களிடம் அவர் வந்து சேர்ந்ததும் ஒரு கறையால்தான். அவர் கணவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். சட்டையில் பட்ட பெயிண்டை எப்படிப் போக்குவது என்று தேடியவரின் கண்ணில், பெயிண்டர்களின் நுரையீரலைப் பற்றிய ஒரு நீண்ட கட்டுரை பட்டது. கறையை விட்டுவிட்டு அதைப் படித்தார். அதன் அடியில் யாரோ எங்கள் குழுவின் முகவரியைப் போட்டிருந்தார்கள்.

பின்னாளில் நேரில் பார்த்தபோது இதை அவரே சொன்னார். "பத்தாவதோட நின்னவ சார் நான். நீளமா இருந்தா அது நமக்கு இல்லைன்னு தாண்டிப் போயிருவேன். அன்னிக்கு முடிச்சப்பதான், அட, இதை நமக்காகத்தான் எழுதியிருக்காங்கன்னு தோணுச்சு. அன்னையிலேருந்து எங்க வீட்டுக்காரர் முகமூடி போடாம ஏணியில ஏறினதில்ல."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புள்ளியக்கா முதல்முறையாக ஒரு கட்டுரையைப் பகிர்ந்தார். அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஒரு சின்ன இணைய இதழில் வந்தது. ஆஸ்பத்திரித் துணிகளில் தவறிக் கிடக்கும் ஊசிகள் சலவைத் தொழிலாளிகளின் கையைப் பதம் பார்ப்பதைப் பற்றி ஓர் இளம் நிருபர் எட்டு மாதம் அலைந்து எழுதியிருந்தார். அதன் கீழே அக்காவின் குறிப்பு. ஐந்து வரி அல்ல, நாற்பது வரி. எங்கும் முற்றுப்புள்ளி இல்லை. சின்ன ர, பெரிய ற எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. என் விரல் நேராக நீக்கும் பொத்தானுக்குப் போனது. அழுத்துவதற்கு முன் கண் மூன்றாவது வரியில் சிக்கியது. பிழைகளை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

"இந்தப் பொண்ணு நல்லா எழுதியிருக்கு. ஆனா ஒரு இடம் தப்பு. துவைச்ச துணிய மடிக்கும்போது ஊசி குத்துதுன்னு போட்டிருக்கு. மடிக்கிற மேசைக்கு வர்றதுக்குள்ள ஊசி மெஷினுக்குள்ளயே உதிர்ந்திரும். குத்துறது அதுக்கு முன்னாடி. வார்டுலேருந்து வர்ற மூட்டைய அவுத்து, விரிப்பு தனி, உறை தனின்னு பிரிப்போம் பாருங்க, அப்போ. அந்த ரூமுக்குள்ள வெளியாளை விடமாட்டாங்க. அதான் அந்தப் பொண்ணுக்குத் தெரியல. எனக்கு மூணு தடவ குத்தியிருக்கு."

மிச்ச வரிகளில் எல்லாம் இருந்தது. எந்த மாதிரி மடிப்பில் ஊசி ஒளிந்திருக்கும், கையுறை எவ்வளவு மெல்லிசு, குத்தினால் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பிள்ளையைத் தொடவே மனசு எப்படித் தயங்கும் என்று எல்லாம்.

நான் கையை எடுத்துவிட்டேன். ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. பிழை திருத்துவதே பிழைப்பாக இருந்தவனுக்கு அது சாதாரண விஷயமில்லை. மாலைக்குள் முன்னூறு பேர் பதில் எழுதிவிட்டார்கள். ஒருவர் மட்டும், "ஐந்து வரி விதி என்னாயிற்று?" என்று கேட்டார். "விதி இன்று விடுமுறையில் இருக்கிறது" என்று போட்டேன்.

அந்த நாற்பது வரியை நிருபருக்கு அனுப்பி வைத்ததும் நான்தான். மறுநாளே அவர் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, நான் மூணு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூணுலயும் மடிக்கிற கூடத்தைத்தான் காட்டினாங்க."

"காட்டுறதுக்குன்னு எல்லா இடத்துலயும் ஒரு ரூம் வச்சிருப்பாங்கம்மா."

"என் மேல கோவமாக்கா?"

"கோவமா? எட்டு மாசம் எங்க கைய பத்தி யோசிச்சிருக்கியே. எங்க வீட்டுலகூட யாரும் அப்படிக் கேட்டதில்ல."

வீட்டில் கேட்காததற்குக் காரணம், அக்கா சொன்னதே இல்லை. நிருபர் பேசிய விஷயம் தெரிந்ததும் கணவர் பதறிப்போனார். "வேலைக்கு நீயே உலை வைக்கப் போறியா?" என்றார்.

"தப்புன்னு தெரிஞ்சும் பேசாம இருந்தா, இத்தனை நாள் படிச்சதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் அக்கா.

"சரி, அப்படி என்னதான் எழுதின, படிச்சுக் காட்டு" என்றார் கணவர். அடுக்களையில் நின்றபடியே அக்கா படித்தார். மூன்று தடவை குத்திய இடம் வந்ததும் கணவர் நிறுத்தச் சொன்னார்.

"இது எப்போ? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க."

அவர் அக்காவின் வலது கையை இழுத்து, விரல் விரலாகப் பார்த்தாராம்.

இணைய இதழ் கட்டுரையின் உச்சியிலேயே திருத்தம் போட்டது. சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஒரு வாசகர் சுட்டிக்காட்டியதால் திருத்தப்பட்டது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். மூன்று மாதம் கழித்து, மூட்டை பிரிக்கும் அறையைப் பற்றி மட்டுமே இரண்டாவது கட்டுரை வந்தது. பதினோரு தொழிலாளிகள் பேசியிருந்தார்கள். அத்தனை பேரையும் பேச வைத்தது புள்ளியக்காதான்.

கட்டுரை வந்த இரண்டாம் நாள், சூப்பர்வைசர் அம்மா அதை அச்செடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். அக்கா கூடையிலிருந்து எழுந்து நின்றார்.

"இது நீங்கதானே?"

"ஆமாங்க."

"தடிமனான கையுறை வேணும்னு ஏழு வருஷமா மேல எழுதி எழுதி எனக்குக் கை ஓஞ்சு போச்சு. இந்தத் தடவை இதையும் சேத்து அனுப்புறேன்."

கையுறைகள் வந்தன. பிரிக்கும் மேசைக்கு மேலே பிரகாசமான விளக்கு வந்தது. மூட்டையைக் கட்டும் நர்ஸ் அதில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற முறையும் வந்தது. அடுத்த ஒரு வருடம் முழுக்க அந்தக் கூடத்தில் ஊசி குத்தியது ஒரே ஒரு தடவை.

எங்கள் குழுவிலும் ஒரு துணைவிதி சேர்ந்தது. அந்தந்த வேலையில் இருப்பவர்கள் அதைப் பற்றிய கட்டுரைக்கு எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம். அதற்குப் பிறகுதான் லாரி ஓட்டுபவர், கிரேன் இயக்குபவர், பிரேத அறை ஊழியர் என்று அதுவரை சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். விதிகளைக் காப்பவர்களில் இப்போது அக்காவும் ஒருவர். என்னைவிடக் கறார். தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பகிர்கிறவர்களை நாலே கேள்வியில் பிடித்துவிடுவார்.

போன வருடம் நூலக அரங்கில் குழு முதல்முறையாக நேரில் கூடியது. நிருபர் வந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டார். தேய்த்த சட்டையில் பக்கத்தில் நின்ற கணவரிடம், "நீங்களும் நீளமான கட்டுரையெல்லாம் படிப்பீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"எனக்கு அவ படிச்சுக் காட்டுவா" என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி. "அதுல ஏதாவது சந்தேகம் வந்தா, எழுதினவங்களையே கூப்பிட்டுக் கேட்டுருவோம்."